மாணவருக்கு லிங்க்ட்இன் தேவையா? சென்னைக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட சென்னையில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் கற்பித்துக்கொண்டே வேலைவாய்ப்புப் பிரிவையும் கவனித்துவருகிறேன். மூன்றாம் பருவம் தொடங்கியதும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, வேலை சார்ந்த தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்க வேண்டுமா என்பது. என் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அல்லது துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். அம்மா தையல் வேலை செய்கிறார், அல்லது மாவு அரைத்து விற்கிறார். ‘எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், பிள்ளையின் ரெஸ்யூமேயை அனுப்பி வை’ என்று சொல்வதற்கு அவர்கள் உறவில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பதில்லை. ஆகவே இந்தக் கேள்விக்கு நான் பொறுப்புடன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பதில்: தொடங்குங்கள். ஆனால் அங்கே விண்ணப்பம் போட்டே வேலை கிடைத்துவிடும் என்று எண்ணித் தொடங்காதீர்கள். நான் இந்தத் தளத்தை மதிப்பது ஒரே காரணத்துக்காகத்தான். உங்கள் வகுப்பறையில், உங்களுக்குக் கற்பித்த அதே ஆசிரியர்களிடம் படித்தவர்கள் ஐந்து ஆண்டுகள் கழித்து எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். பார்த்தபின் அவர்களிடம் ஒரு சிறிய கேள்வியும் கேட்கலாம். முன்பு இந்த வசதி, படித்த குடும்பங்களின் வரவேற்பறைகளில் மட்டுமே இருந்தது.

லிங்க்ட்இன் 2003ஆம் ஆண்டு மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. இன்று உலகெங்கும் நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் அதில் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிகமான உறுப்பினர்கள் இந்தியர்கள்தான். பதினாறு வயது நிறைந்தவர்கள் கணக்குத் தொடங்கலாம் என்பதால், கல்லூரிக்குள் வந்த எவருக்கும் வயது தடையாக இராது.

யாருக்குப் பயன், யாருக்கு இல்லை

தூரத்துப் பழக்கம் வேலை தேடுவதற்கு உண்மையிலேயே உதவுமா என்பதைச் சமூகவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்க அறிஞர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் ‘அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?’ என்று கேட்டதன் முடிவைத் தந்தார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் 17 விழுக்காட்டுக்கும் குறைவு. எப்போதாவது சந்திப்பவர் மூலமும் அரிதாகச் சந்திப்பவர் மூலமும் பெற்றவர்களே மிகுதி. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த செய்திகள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவையே. சற்றுத் தள்ளி இருப்பவரே வேறு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருகிறார் என்பது அவர் கருத்து. 2022இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த ஆய்வு, ஐந்து ஆண்டுகளில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட லிங்க்ட்இன் உறுப்பினர்களின் தரவைக் கொண்டு இதையே மறுபடியும் சோதித்தது. பொதுவாகத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாக உள்ளவரைவிடவும், மிக நெருங்கியவரைவிடவும், பொதுவாகத் தெரிந்தவர்கள் ஓரளவு உள்ளவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள் என்று அது கண்டது. ஒரே கல்லூரியில் சில ஆண்டுகள் முன்பின் படித்தவர்கள் இந்த வகைக்குள் மிகப் பொருத்தமாக அமைகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. கணினியைச் சார்ந்து இயங்கும் துறைகளில்தான் தூரத்துப் பழக்கம் கூடுதலாக உதவியது; கணினியை அவ்வளவாகச் சாராத துறைகளில் நெருங்கிய பழக்கமே வேலை செய்தது. இதைச் சென்னைக்குப் பொருத்திப் பாருங்கள். தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் உள்ள மென்பொருள், தரவு, நிதிச்சேவை நிறுவனங்களுக்கோ, தணிக்கை, மனிதவளம், விளம்பரம், வடிவமைப்பு ஆகிய துறைகளுக்கோ போக நினைப்பவருக்கு லிங்க்ட்இன் நல்ல கருவி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறையிலோ, ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையிலோ சேர நினைக்கும் டிப்ளமோ மாணவருக்கு, அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் சீனியரின் கைப்பேசி எண்தான் கருவி. டி.என்.பி.எஸ்.சி. அல்லது வங்கித் தேர்வுக்குப் படிப்பவருக்கு இந்தத் தளத்தால் பெரிய பயன் இல்லை. அந்த நேரத்தைப் பாடத்துக்கே கொடுக்கலாம். சட்டம் படிப்பவர்களுக்கும் உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் நேரில் போய் நிற்பதே சரியான வழி.

முதலாண்டு மாணவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. காட்டுவதற்கு ஏதும் சேர்வதற்கு முன்பே பக்கத்தைத் திறந்துவைத்தால், அது இரண்டு ஆண்டுகள் வெறுமையாகவே கிடக்கும். மூன்றாம் பருவத்தின் விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒதுக்கி ஒழுங்காகச் செய்துவிட்டால் போதும்.

பெயரும் மின்னஞ்சலும் படமும்

தமிழ் மாணவர்களுக்கு முதல் தடுமாற்றம் பெயரிலேயே வருகிறது. படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டைக் கேட்கும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பாவின் பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு. கடைசிப்பெயர்க் கட்டத்தில் அந்த ஒற்றை எழுத்தைப் போடுவதில் தவறில்லை, தளம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ‘மகாலட்சுமி எஸ்’ என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் முதலெழுத்து விரித்து எழுதப்பட்டிருந்தால், அதே வடிவத்தை இங்கும் எழுதுவது நல்லது. எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும், ரெஸ்யூமேயிலும் விண்ணப்பங்களிலும் அதே பெயர் இருக்கட்டும். ஓரிடத்தில் அப்பா பெயர் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் இருந்ததால், சான்றிதழ் சரிபார்ப்பின்போது உறுதிமொழிப் பத்திரம் வாங்க அலைந்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூடவே, பக்கத்தின் முகவரியில் தளம் தானாகச் சேர்க்கும் எண்களை நீக்கிவிட்டு, உங்கள் பெயருடன் படிப்பையோ துறையையோ சேர்த்துச் சிறிய முகவரியாக மாற்றிக்கொள்ளலாம். ரெஸ்யூமேயில் அச்சிட அது வசதியாக இருக்கும்.

கல்லூரி தந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினால், படிப்பு முடிந்து அந்த அஞ்சல் முடக்கப்படும்போது கடவுச்சொல்லை மீட்க வழியில்லாமல் போகலாம். சொந்த மின்னஞ்சலை முதன்மையாக வைத்து, கல்லூரி அஞ்சலை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை அன்றே இயக்கிவிடுங்கள். 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து திருடப்பட்ட கடவுச்சொற்கள் 2016இல் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் தொகுப்பாக விற்பனைக்கு வந்தன. வேறு தளங்களில் பயன்படுத்தும் கடவுச்சொல்லையே இங்கும் வைக்காதீர்கள்.

படத்துக்கு ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியதில்லை. காலை வெளிச்சம் வரும் ஜன்னலைப் பார்த்து நின்று, பின்னால் வெற்றுச் சுவர் இருக்குமாறு, நண்பரிடம் கைப்பேசியைக் கொடுத்து எடுக்கச் சொன்னால் போதும். கல்யாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது வேண்டாம். பக்கத்தில் நின்றவரின் தோள் தெரியும். மாணவிகளின் வீட்டில் படத்தை இணையத்தில் போடவே அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். உங்கள் படத்தை எல்லோரும் பார்க்கலாமா, உங்களுடன் இணைந்தவர்கள் மட்டும் பார்க்கலாமா என்று தேர்ந்தெடுக்க அமைப்புகளில் இடம் உண்டு. இரண்டாவதைத் தேர்ந்துகொண்டு பெற்றோரிடமும் காட்டிவிடுங்கள். வேலைக்குத் தொடர்பில்லாமல் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாமல் புகார் செய்து தடுத்துவிடுங்கள். அதற்காக எவருக்கும் விளக்கம் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கைப்பேசி எண், பிறந்த நாள், வீட்டு முகவரி ஆகியவை பக்கத்தில் தெரியவே வேண்டாம்.

மறைத்து வைத்த வேலை

சில ஆண்டுகளுக்கு முன் பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் தம் பக்கத்தைக் காட்டித் திருத்தித் தரச் சொன்னார். பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரியில், சவாலான வாய்ப்பை எதிர்நோக்கும் கடின உழைப்பாளி என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அனுபவம் என்ற பகுதி காலியாக இருந்தது. மாலையில் என்ன செய்வாய் என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, பாரிமுனையில் தன் பெரியப்பா வேலை பார்க்கும் ஹார்டுவேர் மொத்தக் கடையில் கணக்கு எழுதுவதாகச் சொன்னார். கேட்கக் கேட்க விவரம் வந்தது. மாதம் சுமார் நானூறு பில்களை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறார். வரவேண்டிய பாக்கிகளைப் பட்டியலிடுகிறார். அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தையும், 20ஆம் தேதிக்குள் வரிச் சுருக்கத்துக்கான 3பி படிவத்தையும் தாக்கல் செய்யக் கணக்கரோடு உட்கார்ந்து எண்களைச் சரிபார்க்கிறார். இதைக் கடை வேலை என்று நினைத்து வெட்கப்பட்டு மறைத்திருந்தார். எங்கள் துறையின் இறுதியாண்டு மாணவர்களில் பாதிப் பேர் ஜி.எஸ்.டி. படிவத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர்கள்.

தலைப்பு வரியை நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாற்றினோம்: பி.காம். மூன்றாம் ஆண்டு, மொத்த வியாபாரக் கடையில் பகுதிநேரக் கணக்கு உதவியாளர், டேலி, ஜி.எஸ்.டி. தாக்கல், எக்செல். அவ்வளவுதான். இந்த வரிக்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. முழுவதையும் நிரப்ப வேண்டியதில்லை. அனுபவப் பகுதியில் மேலே சொன்ன விவரங்களை மூன்று வாக்கியங்களில் எழுதினார். கடையின் பெயரைப் போடுவதற்கு முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

நீங்களும் இப்படித் தேடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது, தேவாலயத்தின் அல்லது கோயில் திருவிழாக் குழுவின் வரவுசெலவைப் பார்ப்பது, அண்ணனின் கைப்பேசிப் பழுதுபார்க்கும் கடையில் உட்காருவது, என்.எஸ்.எஸ். முகாமில் நூறு பேருக்குச் சமையல் ஏற்பாடு செய்வது ஆகிய எல்லாமே அனுபவம்தான். எத்தனை பேர், எவ்வளவு காலம், என்ன கருவி, என்ன விளைவு என்று சொல்ல முடிந்தால் எழுதலாம். சொல்ல முடியாதவற்றை எழுதாதீர்கள். ஒருநாள் பயிலரங்கில் உட்கார்ந்து வந்ததைத் திறன் என்று குறிப்பிட்டால், நேர்முகத் தேர்வின் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். ‘என்னைப் பற்றி’ என்ற பகுதிக்கு 2,600 எழுத்துகள் தந்திருக்கிறார்கள். மாணவருக்கு இரண்டு சிறு பத்திகள் போதும். அதை செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கி அப்படியே ஒட்டினால், ஒரே வகுப்பில் முப்பது பேரின் பக்கமும் ஒரே குரலில் இருக்கும். இலக்கணத்தைத் திருத்த அதைப் பயன்படுத்துங்கள். விவரம் உங்களுடையதாக இருக்கட்டும்.

முன்னாள் மாணவர்களைத் தேடும் முறை

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்ப்பகுதி. தேடல் கட்டத்தில் உங்கள் கல்லூரியின் பெயரை எழுதி அதன் பக்கத்துக்குப் போங்கள். அங்கே முன்னாள் மாணவர்கள் என்ற பகுதி இருக்கும். அதைத் திறந்தால், எங்கே வசிக்கிறார்கள், எங்கே பணிபுரிகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், என்ன படித்தார்கள் என்று பிரித்துக் காட்டும். இவற்றைக் கணினித் திரையில் பார்ப்பது வசதி. கைப்பேசியில் குறுகித் தெரியும். வீட்டில் கணினி இல்லாதவர்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பாடப்பிரிவையும் சென்னையையும் தேர்ந்து, நான்கிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு முன் முடித்தவர்களாகப் பாருங்கள். சென்ற ஆண்டு முடித்தவரே இன்னும் வழி தேடிக்கொண்டிருப்பார்; இருபது ஆண்டுகளுக்கு முன் முடித்தவர் நுழைந்த வாசல் இன்று அடைபட்டிருக்கும். இருபது பேரின் பக்கங்களைப் படித்து, ஒரு நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: முதல் வேலை என்ன, எத்தனை மாதத்தில் மாறினார், இடையில் என்ன படித்தார். நாங்கள் வகுப்பில் இதைச் செய்தபோது, வேதியியல் படித்தவர்களில் கணிசமானோர், நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் மருத்துவக் குறியீட்டுத் துறைக்கும் மருந்தாய்வுத் தரவுத் துறைக்கும் போயிருப்பதைக் கண்டார்கள். அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே அன்றுவரை அந்த வகுப்புக்குத் தெரியாது. தொடர்பில் சேருமாறு கேட்கும் இணைப்பு அழைப்பை ஒருவருக்கும் அனுப்பாமலே அன்று கிடைத்த தெளிவுக்காகவே, இந்தக் கணக்கு தொடங்கத் தக்கது என்பேன்.

ஒருவரின் பக்கத்தை நீங்கள் பார்த்தால் அவருக்கு அது தெரியவரும். பெயர் தெரியாமல் பார்க்க அமைப்புகளில் வழி உண்டு. ஆனால் முன்னாள் மாணவர்களைப் பார்க்கும்போது மறைந்துகொள்ள அவசியமில்லை. தம் கல்லூரிப் பிள்ளை ஒருவர் பார்த்துச் சென்றார் என்று அறிந்து, தாமாகவே செய்தி அனுப்பியவர்களும் உண்டு.

முதல் செய்தி

நோட்டில் குறித்தவர்களில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளோடு மட்டுமே குறிப்பு இணைக்க முடியும்; அதுவும் சில வரிகள்தான். ஆகவே ஐந்து பேர் என்பதே சரியான அளவு.

மாணவர்கள் வழக்கமாக அனுப்பும் செய்தி, ‘மதிப்பிற்குரிய ஐயா, நான் இறுதியாண்டு மாணவன், தங்கள் நிறுவனத்தில் ஏதேனும் வேலை இருந்தால் தயவுசெய்து பரிந்துரைக்கவும்’ என்ற பொருளில் இருக்கும். பெறுபவரின் நிலையில் நின்று பாருங்கள். உங்களை அவருக்குத் தெரியாது. நிறுவனத்துக்குள் ஒருவரைப் பரிந்துரைப்பது என்பது தம் பெயரை அடகு வைப்பது போன்றது. என்ன வேலை என்றுகூட நீங்கள் சொல்லவில்லை. மறுக்கவும் மனமில்லாமல், ஏற்கவும் வழியில்லாமல் அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். நீங்களோ, வளர்ந்தவர்கள் மதிக்க மாட்டார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறீர்கள்.

அந்தப் பி.காம். மாணவி இறுதியாக அனுப்பியது இது. ஆங்கிலத்தில் அனுப்பினார், பொருளைத் தமிழில் தருகிறேன்: ‘வணக்கம் மேடம். நம் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் பி.காம். முடித்ததும் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்ததைப் பார்த்தேன். சேரும்போது எக்செல் எந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது?’ ஐந்து பேரில் இரண்டு பேர் பதில் அனுப்பினார்கள். ஒருவர், எந்த இரண்டு செயல்பாடுகளை முதலில் பழக வேண்டும் என்று எழுதியதோடு, தாம் பயிற்சிக்குப் பயன்படுத்திய தாளையும் அனுப்பிவைத்தார். ஐந்துக்கு இரண்டு என்பது நல்ல விளைவு; மற்ற மூவரின் மௌனத்தை அவமதிப்பாக எண்ண வேண்டாம். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை மட்டும் நினைவூட்டலாம், அதற்குமேல் கூடாது.

நல்ல கேள்விக்கு மூன்று இலக்கணம் உண்டு: இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியது; அவரைத் தவிர வேறு எவராலும் எளிதில் சொல்ல முடியாதது; கூகுளில் கிடைக்காதது. சம்பளம் எவ்வளவு என்பதை முதல் செய்தியில் கேட்பது நம் ஊர் மரியாதைக்கும் ஒவ்வாது. விளித்தலில் பலர் குழம்புவார்கள். கல்லூரியில் சீனியரை அண்ணா, அக்கா என்றே அழைத்துப் பழகியிருப்போம். ஆனால் முகமறியாதவருக்கு முதல் செய்தியில் சார், மேடம் என்றே தொடங்குங்கள். அவரே ‘அக்கான்னு கூப்பிடும்மா’ என்றால் அப்படியே அழையுங்கள். அலுவலகங்களில் பெயர் சொல்லி அழைப்பது வழக்கம்தான் என்றாலும், அதற்கு அவர் அனுமதி தரும்வரை காத்திருப்பதில் இழப்பில்லை.

பதில் வந்தால் அன்றே நன்றி எழுதுங்கள். அவர் செய்யச் சொன்னதைச் செய்து முடித்து, ஒரு மாதம் கழித்து, இன்னதைச் செய்தேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். மாணவர்களில் மிகச் சிலரே இதைச் செய்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கும்போது, அவருக்கு நினைவுக்கு வருவது அந்த இரண்டு வரி எழுதியவர்தான். அப்போது குறிப்பிட்ட பணியின் பெயரையும் அறிவிப்பின் இணைப்பையும் கொடுத்து, பரிந்துரைக்க முடியுமா என்று தயங்காமல் கேட்கலாம்.

நேரமும் பணமும்

கணக்கு அமைந்த பிறகு வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். முகப்புப் பக்கத்தை உருட்டிக்கொண்டிருப்பதால் பயனில்லை. அங்கே பிறர் வேலை கிடைத்த மகிழ்ச்சியையும் சான்றிதழ்களையும் தொடர்ந்து பகிர்வார்கள். அரியர் வைத்திருக்கும் ஒரு பிள்ளை இரவு பதினொரு மணிக்கு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் எவ்வளவு தளரும் என்பதை என் அறைக்கு வந்து அழுத மாணவர்களிடம் கண்டிருக்கிறேன். கைப்பேசியில் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, ஞாயிறு காலை மட்டும் திறங்கள். நீங்கள் எழுத விரும்பினால் ஒரு பருவத்துக்கு ஒன்று போதும்: செய்த ஒரு திட்டத்தில் எங்கே சிக்கினீர்கள், எப்படித் தீர்த்தீர்கள் என்பது.

கட்டணச் சேவை மாணவருக்குத் தேவையில்லை. ஒரு மாதம் இலவசம் என்று அழைப்பார்கள். அட்டை விவரத்தைக் கொடுத்தால், ரத்து செய்ய மறந்த மாதத்திலிருந்து பணம் தானாகப் பிடிக்கப்படும். இணைப்புகளின் எண்ணிக்கை 500ஐத் தாண்ட வேண்டும் என்ற ஓட்டமும் வேண்டாம்.

லிங்க்ட்இன்னோடு நிற்காதீர்கள். நிரல் எழுதுபவருக்கு, தாம் எழுதிய நிரல்களை வைத்துக் காட்டும் கிட்ஹப் பக்கம்தான் உண்மையான ரெஸ்யூமே, வடிவமைப்பாளருக்குப் படைப்புகளைக் காட்டும் பிஹான்ஸ் தளம், ஆய்வு மாணவருக்கு ஆய்வுக் கட்டுரைகளுக்கான ரிசர்ச்கேட் தளம். உள்ளகப் பயிற்சிக்கு இன்டர்ன்ஷாலா தளத்தையும், மாநில அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளையும் பாருங்கள். பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்கள், மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸின் தளத்தில் பதிவு செய்தால், உதவித்தொகையுடன் ஓராண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சி பெறலாம். தென் மண்டலத்துக்கு இதை நடத்தும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் நம் தரமணியிலேயே இருக்கிறது. தொழிற்சாலை வேலையை நாடுபவருக்கு எந்த வலைத்தளத்தையும்விட இதுவே நேர்வழி.

ஏமாற்றுவோர்

வேலை தேடுகிறேன் என்ற அறிவிப்பை இருவகையாக வைக்கலாம்: ஆள்சேர்ப்பாளர்களுக்கு மட்டும் தெரியுமாறு, அல்லது படத்தைச் சுற்றிப் பச்சை வளையத்தோடு எல்லோருக்கும் தெரியுமாறு. மாணவர்கள் முதலாவதையே தேர்வது நல்லது. பச்சை வளையம் உண்மையான நிறுவனத்தை அழைப்பதோடு மோசடிக்காரரையும் அழைக்கிறது.

என் மாணவர் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தின் மனிதவள அலுவலர் என்று சொல்லிக்கொண்டவரிடமிருந்து செய்தி வந்தது. உடனே வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். நேர்முகத் தேர்வு என்று எழுத்திலேயே ஆறு கேள்விகள் கேட்டார். மாலையில் பணி ஆணை வந்தது. மறுநாள் மடிக்கணினிக்கு முன்பணம் என்று 4,500 ரூபாய் கேட்டார். அம்மாவின் சீட்டுப் பணத்திலிருந்து அது போனது. இன்றுவரை அவனால் அதைத் தன் அம்மாவிடம் சரியாகச் சொல்ல முடியவில்லை. வேலை தருபவர் எவரும், பதிவுக் கட்டணம், காப்புத் தொகை, பயிற்சிக் கட்டணம், மடிக்கணினி முன்பணம் என்று எந்தப் பெயரிலும் பணம் கேட்க மாட்டார். கேட்ட அந்த நொடியிலேயே பேச்சை நிறுத்துங்கள். அனுப்பியவரின் மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, அவருடைய பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, அதே வேலை நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். ஆதார், பான், வங்கி விவரங்களைப் பணியில் சேரும் நாளுக்கு முன் எவருக்கும் அனுப்ப வேண்டாம்.

வெளிநாட்டு வேலை என்றால் இரட்டை எச்சரிக்கை வேண்டும். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக வலைத்தளங்களில் விளம்பரம் செய்து, இளைஞர்களை மியான்மருக்குக் கடத்தி இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தினார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. அழைக்கும் முகவர் குடியேற்றச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் போகாதீர்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை இடைவழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. உரையாடலை அழிக்காதீர்கள், திரைப்பதிவுகள், பணம் அனுப்பிய ரசீது, அந்தப் பக்கத்தின் முகவரி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள், லிங்க்ட்இன்னிலும் அந்தப் பக்கத்தைப் புகார் செய்யுங்கள். பிறகு உங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்; அதே செய்தி அன்று உங்கள் வகுப்பில் இன்னும் நான்கு பேருக்கு வந்திருக்கக்கூடும்.